பத்து இழுப்புச் சோதனை

மார்ச் 3, 2010, புதன்

தம்பியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வீரப்பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். வீரமும் இல்லை, பெருமாளும் இல்லை. ஐம்பத்தொரு வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறான். பதினாறு வயதிலிருந்து சிகரெட் பிடிக்கிறான். இடது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. பக்கத்து விரலும் கறுக்கத் தொடங்கியிருக்கிறது.

டாக்டர் தியோ படம் வரைந்து காட்டினார். முழங்காலுக்குக் கீழே இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. ஜூன் மாதம் தொடையிலிருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுப்பாதை போடுவார்கள். அதற்குள் சிகரெட்டை விட்டாக வேண்டும். நிகோடின் எந்த வழியில் உடம்புக்குள் போனாலும் குழாய் சுருங்கும், போட்ட பாதையும் அடைத்துக்கொள்ளும், பிறகு கணுக்காலுக்கு மேல் வெட்ட வேண்டியதுதான் என்றார். மே மாதக் கடைசியில் இரத்தம் எடுத்துப் பார்ப்பாராம். நிகோடின் இருந்தால் அந்தத் தேதி வேறு நோயாளிக்குப் போய்விடும்.

இவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால், குப்பைத் தொட்டியோரம் நின்று ஊதிக்கொண்டிருந்தான்.

கால் போனால் பேருந்தும் போகும். பிறகு நாள் முழுக்க வீட்டில் என் எதிரே உட்கார்ந்திருப்பான். அதை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

மார்ச் 9, செவ்வாய்

நிகோடின் இல்லாத மிட்டாய், கிராம்பு, இஞ்சித் துண்டு. ஆறு நாள் நாடகம் இன்றோடு முடிந்தது. பேருந்தின் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கட்டுத்துணி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பாக்கெட் சிகரெட். பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் புகை போட்டு ஆற்றுவான் போலிருக்கிறது.

மார்ச் 13, சனி

கடைத்தெருவில் யோகேந்திரன் கடை. கைப்பேசிக்கு உறை விற்கிறவன், ஒரு கண்ணாடிப் பெட்டியில் மின்சிகரெட்டும் வைத்திருக்கிறான். கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் முகத்தில் ஆவியை விடுவதுதான் விளம்பரம்.

மூன்று துண்டுகள். மின்கலம், சூடாக்கும் முனை, வாயில் வைக்கும் காட்ரிட்ஜ். காட்ரிட்ஜுக்குள் பஞ்சு. பஞ்சில் சொட்டு மருந்துபோலத் திரவத்தை விட வேண்டும். சூட்டில் அது ஆவியாகும். தீர்ந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். திரவம் இருபத்துநாலு, பதினாறு, எட்டு, சுழி என்று நான்கு நிகோடின் வீரியத்தில் கிடைக்கிறது.

அந்த நான்கு எண்களைப் பார்த்ததும்தான் வாங்கினேன். படிப்படியாக இறக்கலாம். தம்பிக்குத் தெரியவே வேண்டியதில்லை.

மார்ச் 14, ஞாயிறு

குப்பை. பன்னிரண்டு இழுப்பு ஆவி வந்தது. பதின்மூன்றாவதில் கருகல். இன்னும் நாலு சொட்டு விட்டால் வாய்க்குள் ஒழுகி, கசந்து, காறித் துப்பினான். பத்து நிமிடத்தில் சட்டைப் பையிலிருந்து பழைய சிகரெட் வெளியே வந்தது.

காட்ரிட்ஜைப் பிரித்துப் பார்த்தேன். தலையணைப் பஞ்சு. இருபத்தெட்டு வருடம் கமுண்டிங் தொழிற்சாலையில், கட்டுத்துணியும் குழந்தைகளின் டயப்பரும் செய்கிற இடத்தில், தரச் சோதனைக் கூடத்தில் இருந்தவள் நான். எந்தப் பஞ்சு எத்தனை நொடியில் எவ்வளவு குடிக்கும், எவ்வளவு திருப்பிக் கொடுக்கும் என்பதைத்தான் அங்கே தினமும் அளந்தேன். இந்தப் பஞ்சை அங்கே கொண்டுவந்திருந்தால் கொண்டுவந்தவனோடு சேர்த்து வெளியே அனுப்பியிருப்பேன்.

ஓய்வு பெற்றபோது எடுத்து வந்த சோதனைக் குறிப்பேடு இது. எதற்கு என்று தெரியாமல்தான் எடுத்து வந்தேன். இதில் முறையாக எழுதப் போகிறேன்.

மார்ச் 17, புதன்

ஆஸ்பத்திரிப் பஞ்சு: வேகமாகக் குடிக்கிறது. விட மறுக்கிறது. ஒன்பது இழுப்பு. கருகல் வாடை.

டயப்பர் உள்பஞ்சு: நீருக்குத்தான் லாயக்கு. இந்தத் திரவத்தில் கூழாகி நின்றது. இழுக்கவே முடியவில்லை.

டயப்பரின் மேல்விரிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை அடுக்கு: வாங்கிய வேகத்தில் கடத்திவிடும், நல்ல சரக்கு. ஆனால் சூடு பட்டதும் சுருங்கி உருகியது. உருகியதை மனிதன் இழுக்கக் கூடாது. குப்பையில் போட்டேன்.

வீரப்பெருமாளைக் கேட்டால் மூன்றுக்கும் ஒரே பதில். "நல்லாத்தான் இருக்குக்கா." முப்பத்தைந்து வருடம் புகைந்த நாக்கு. அதைக் கேட்பதற்குப் பதிலாகச் சுவரைக் கேட்கலாம்.

மார்ச் 18, வியாழன்

வேறு வழியில்லை. நானே இழுத்துப் பார்த்தேன். சோதனைக்காக.

முதல் இழுப்பில் இருமல் வந்து கண்ணில் நீர் கொட்டியது. இரண்டாவதில் தலை லேசாகச் சுற்றியது. பத்து எண்ணி நிறுத்தினேன். இதற்காகவா இந்த ஆண்கள் காலையும் நுரையீரலையும் கொடுக்கிறார்கள்? அறிவு கெட்ட ஜென்மங்கள்.

இனி ஒவ்வொரு பஞ்சுக்கும் பத்து இழுப்பு என் கணக்கில். எங்கே சுவை மாறுகிறது என்று குறிப்பேன். மீதியை அவன் இழுத்து, எத்தனையாவதில் தீர்கிறது என்று சொல்லட்டும். எண்ணவாவது தெரியும்.

மார்ச் 24, புதன்

டாக்டர் தியோவிடம் மின்சிகரெட்டைக் காட்டினேன். உருட்டிப் பார்த்தார். இதற்குள் என்னென்ன இருக்கிறதென்று தனக்குத் தெரியாது, நல்லது என்று தன் வாயால் சொல்ல மாட்டேன் என்றார். இறங்கிப் போகிற படியாக வைத்துக்கொண்டால் சரி, படியிலேயே உட்கார்ந்துவிட்டால் அறுவை இல்லை என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் வீரப்பெருமாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் தலையாட்டினார். ஆள் தெரிந்தவர்.

மார்ச் 29, திங்கள்

மீன்தொட்டியில் நீரை வடிகட்டுகிற நீலக் கடற்பஞ்சு. மூன்று முறை கொதிக்க வைத்து, காயவைத்து, காட்ரிட்ஜ் அளவுக்கு வெட்டினேன். நாற்பத்தோரு இழுப்பு. நிறையப் பிடித்து வைக்கிறது, ஒழுகவில்லை. ஆனால் கடைசி மூன்றில் ஒரு பங்கு திரவம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

ஒரு முறை செய்த சோதனையை நம்பக் கூடாது. மூன்று முறை செய்து சராசரி எடுத்தேன். ஆகவே முப்பது இழுப்பு.

ஏப்ரல் 5, திங்கள்

அவனைப் பதினாறுக்கு இறக்கிவிட்டேன். இருபத்துநாலு பாட்டிலில் சுழியைக் கலந்து கொடுத்தேன். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வழக்கம்போல நல்லாத்தான் இருக்காம். சிகரெட்டைத் தொட்டு எட்டு நாள் ஆகிறது.

மீந்த இருபத்துநாலு, கோப்பி வாசனை பாட்டில், கொட்ட மனம் வரவில்லை. சோதனைக்கு அதையே பயன்படுத்துகிறேன், அவன் பங்கு இழுப்பையும் நானே எண்ணிக்கொள்கிறேன். திரவத்தை இடையில் மாற்றினால் அதன் அடர்த்தி மாறும், முந்தைய அளவுகளோடு ஒப்பிட முடியாது. தரச் சோதனையில் இதுதான் முதல் பாடம்.

ஏப்ரல் 11, ஞாயிறு

மங்களேஸ்வரி தொலைபேசியில் கூப்பிட்டாள். வீரப்பெருமாளின் பெண்டாட்டி. பதினோரு வருடத்துக்கு முன் கூலிமில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனவள், போனவள்தான். என் நாக்குதான் காரணம் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் பேசிக்கொண்டார்கள். குழம்பு வைக்கத் தெரியாதவளிடம் குழம்பு சரியில்லை என்று சொன்னது குற்றமென்றால் நான் குற்றவாளிதான்.

தம்பிதான் தன் காலைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறான். அவர்கள் இருவரும் அவ்வப்போது பேசிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறான். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

"அண்ணி, ஒங்களுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி அவனிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 16, வெள்ளி

தையல் கடைப் பஞ்சு, மண்ணெண்ணெய் அடுப்புத் திரி, எழுதாத வண்ணப்பேனாவின் உள்தண்டு. பேனாத் தண்டு நன்று, முப்பத்தெட்டு. அடுப்புத் திரியை வைத்தபோது மண்ணெண்ணெய்க் கடையை நக்கியதுபோல இருந்தது.

நாலு மணி மழை வந்தால் துணியை எடுத்துப் போட்டுவிட்டு, பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சோதனை செய்கிறேன். இந்த ஊரில் மழை தவறாது. சோதனைக்குக் குறித்த நேரம் என்று ஒன்று இருப்பது நல்லது.

ஏப்ரல் 22, வியாழன்

மழை இல்லை. ஆனாலும் சோதனை நடந்தது.

ஏப்ரல் 27, செவ்வாய்

மின்கலம் பழுது. காலையிலிருந்து ஒன்றும் செய்ய முடியவில்லை. மீன்காரன் எடை ஏமாற்றினான், சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலைக் கழுவி நீரை என் பக்கம் தள்ளினாள், அவளுக்கும் சொன்னேன். தம்பி கோப்பைத் தட்டைக் கழுவாமல் வைத்திருந்தான். அதைத் தூக்கித் தொட்டியில் போட்டதில் உடைந்தது. இந்த வீட்டில் ஒரு பொருள் ஒழுங்காக இருக்கிறதா?

மதியம் யோகேந்திரன் கடைக்குப் போய் இரண்டு மின்கலம் வாங்கினேன். ஒன்று மாற்றுக்கு.

மே 4, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

தேயிலைப் பையின் தாள். சூட்டில் ஒட்டிய பை கூடாது, அதில் பிளாஸ்டிக் கலப்பு இருக்கும். கம்பி குத்தி மூடிய பழைய வகைப் பை. அது வாழை இனத்து நார், வெந்நீரில் கிடந்தாலும் கிழியாது. தூளைக் கொட்டிவிட்டு, கொதிக்க வைத்து, காயவைத்து, இறுக்கமாகச் சுருட்டித் தீக்குச்சி கனத்துக்குத் தண்டாக்கினேன். அதை நீலக் கடற்பஞ்சின் நடுவே துளையிட்டுச் செருகினேன். தண்டின் நுனி ஒரு மயிரிழை வெளியே நீண்டு சூடாக்கும் முனையைத் தொட வேண்டும். பஞ்சு பிடித்து வைக்கிறது, தாள் ஏற்றிக் கொடுக்கிறது.

எழுபத்துநான்கு இழுப்பு. ஒழுகல் இல்லை. கருகல் இல்லை. கடைசிச் சொட்டு வரை ஆவி. பிரித்துப் பார்த்தபோது பஞ்சு ஏறக்குறைய உலர்ந்திருந்தது.

சீனாவில் எத்தனையோ பொறியாளர்கள் தலையணைப் பஞ்சைத் திணித்து உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தைப்பிங்கில் ஐம்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி தேயிலைப் பையை வைத்து முடித்துவிட்டாள்.

வீரப்பெருமாளிடம் கொடுத்தேன். ஒரு இழுப்பு இழுத்தான். பிறகு, "கெட்டிக்காரிக்கா நீ," என்றான். அவன் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இவ்வளவு ஆவி வந்தால் அவனை எட்டுக்கு இறக்கினாலும் தெரியாது. இறக்கிவிட்டேன்.

மே 7, வெள்ளி

உறுதிப்படுத்தும் சோதனை. ஐந்து காட்ரிட்ஜ். எல்லாம் எழுபதுக்கு மேல்.

மே 8, சனி

உறுதிப்படுத்தும் சோதனை.

மே 9, ஞாயிறு

அதே.

மே 15, சனி

அவனுக்கு இன்றிலிருந்து சுழி. வெறும் ஆவி, வெறும் வாசனை. காலையில் ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டே இருந்தான், முகம் வேர்த்திருந்தது. வெயில் என்று சொன்னான். எட்டு மணிக்கு என்ன வெயில்?

யோகேந்திரன் கடைக்குத் திரவம் வாங்கப் போனேன். அவன் பாட்டில்களை எடுத்து வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "கா, அண்ணனுக்கு இப்ப சுழிதானே? அப்ப இந்த இருபத்துநாலு யாருக்குலா?"

சோதனைக்கு என்றேன். இந்த மாதம் இது மூன்றாவது பாட்டில், பெரிய சோதனையாக இருக்கிறதே என்றான். நான் கண்டுபிடித்த பஞ்சை அவன் கடைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணம் அங்கேயே செத்தது. கைப்பேசிக்கு உறை மாட்டுகிறவனுக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும்? அடுத்த முறை ஈப்போவுக்குப் போகிறபோது அங்கேயே வாங்கிக்கொள்வேன்.

மே 26, புதன்

இரத்தச் சோதனை முடிவு. நிகோடின் இல்லை. டாக்டர் தியோ எழுந்து நின்று வீரப்பெருமாளின் கையைக் குலுக்கினார். ஜூன் 8 உறுதி.

இவன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஓட்டிய காடியின் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தான். கோப்பிக் கடையில் நாலு பேரிடம், மனசு வச்சா முடியும் என்று பேசுகிறான். இவன் மனசு வைத்தானாம். கலந்து கொடுத்த நான் பக்கத்தில் நின்று காடிச் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடலாமென்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அறுவை முடியட்டும்.

மே 28, வெள்ளி

மின்சிகரெட்டை என்னிடம் நீட்டி, "இனிமே இது வேணாம்கா, வச்சிக்க," என்றான். "வச்சிக்க" என்றபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 8, செவ்வாய்

காலை எட்டுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மங்களேஸ்வரி கூலிமிலிருந்து பேருந்தில் வந்திருந்தாள். தலை நரைத்திருக்கிறது, பழைய கைப்பைதான். இருவரும் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தோம்.

பாதை நன்றாகப் போட்டுவிட்டார்கள். பாதம் பிழைத்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நான் முன்பு கையெழுத்திட்டிருந்த சம்மதத் தாளில் ஒரு விரல்தான் இருந்தது, ஆகவே பதினோரு மணிக்கு மேல் வெளியே வந்து இன்னொரு கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். அப்போது நான் குடை எடுக்கக் காடிக்குப் போயிருந்தேன். மங்களேஸ்வரி போட்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஜூன் 9, புதன்

நேற்று மழை பெய்யவில்லை.

ஜூன் 10, வியாழன்

குறிப்பேட்டில் தவறான அளவு எழுதினவர்களை நான் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். சரியாக எழுதுகிறேன்.

எட்டிலிருந்து ஒன்பதரை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தாதி ஒருத்தி காலை நகர்த்தச் சொன்னதற்கு அவள் வாயடைக்கிற மாதிரி கேட்டுவிட்டேன். காடிக்குப் போய், இழுத்துவிட்டு, திரும்பினேன். பத்தேகாலுக்கு மறுபடி போனேன். பத்தேமுக்காலுக்கு மூன்றாவது முறை போனேன், அப்புறம் வரவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். காடிக்குள் ஆவி நிறைந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே என் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கியிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். வயிற்றில் கத்தி வைத்ததுபோல அவசரமில்லைதான். ஆனாலும் அவன் காலைத் திறந்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

மங்களேஸ்வரி தேடிக்கொண்டு வந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தபோது காடிக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தத் தாள். என்னையும் என் கையிலிருந்ததையும் பார்த்தாள். கதவைத் தட்டுவாள் என்று நினைத்தேன். திரும்பி நடந்து போய்விட்டாள்.

நான் உள்ளே போனபோது கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். நான் எங்கே என்று தாதி கேட்டதற்கு, கழிப்பறையில் இருக்கிறார், வயிறு சரியில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

என்னைப் பழிவாங்க அவளுக்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. விட்டுவிட்டாள். புத்தி போதாது என்று எழுதத்தான் கை வருகிறது.

ஜூன் 17, வியாழன்

வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. மங்களேஸ்வரி கூடவே வந்து மூன்று நாள் இருந்து சமைத்தாள். நேற்றுக் கூலிமுக்குத் திரும்பினாள். குழம்பில் உப்பு கம்மி. சாப்பிட்டேன்.

ஜூன் 19, சனி

காலையில் எழுந்ததும் பெட்டியைத் திறந்து நான்கு காட்ரிட்ஜையும் உடைத்துப் போட்டேன்.

ஜூன் 19, மாலை

தேயிலைப் பை இரண்டு, கடற்பஞ்சு ஒரு துண்டு. கால் மணி நேரத்தில் புதிதாகச் செய்துவிட்டேன். கை அவ்வளவு பழகியிருக்கிறது.

ஜூன் 27, ஞாயிறு

கூடத்தில் முக்காலியில் காலைத் தூக்கி வைத்து வீரப்பெருமாள் உட்கார்ந்திருந்தான். கட்டு மாற்றினேன். புண் ஆறி வருகிறது. மீதி மூன்று விரல்களும் நல்ல நிறத்தில் இருக்கின்றன. மழை வந்ததும் பின்கட்டுக்கு எழுந்தேன்.

"இங்கயே இழுக்கா," என்றான்.

என்ன இழுக்க என்று கேட்டேன்.

"நீ கோப்பி குடிக்கவே மாட்ட. வீடு பூரா கோப்பி வாசம்."

சோதனை, பஞ்சு, சராசரி என்று ஏதோ சொன்னேன். மே மாதமே அந்தச் சோதனை முடிந்துவிட்டதே என்றான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறவனிடம், உன்னைப் போல என்னையும் நினைத்தாயா, நீயாக விட்டாய் என்றா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாய், நான் கலந்து கொடுத்த கலவையில் பிழைத்தவன் நீ, அது கூடத் தெரியாத மண்ணு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்தது.

அவன் முழுவதையும் கேட்டான்.

"தெரியும்கா. ஏப்ரல்லயே தெரியும். முப்பத்தஞ்சு வருசம் இழுத்தவனுக்கு அது தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் வாயத் தொறக்கல?"

"நீ எறக்கிக்கிட்டே போன. நானும் எறங்கிப் பார்ப்போம்னு இருந்தேன். எட்டுக்கு வந்தப்ப ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. பிள்ளைங்கள எறக்கி விட்டுட்டு, காலி பஸ்ல உக்காந்து ஸ்டீரிங்கக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு அழுதிருக்கேன். கடை பத்தடி தூரத்துல இருக்கும். போகல."

அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா சிரிப்ப."

தகரத்தில் மழை. அவன் கட்டுப்போட்ட காலைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்.

"நீ இழுக்க ஆரம்பிச்சதும் ஏப்ரல்லயே தெரியும். நான் சிரிச்சேனாக்கா?"

எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டு நின்றேன். கழுவ ஒன்றும் இல்லை.

ஜூலை 1, வியாழன்

மங்களேஸ்வரியைக் கூப்பிட்டேன். கட்டு, புண், மாத்திரை என்று பேசினேன். அன்று நீ காடிக் கதவைத் தட்டியிருக்கலாமே என்று கடைசியில் கேட்டேன்.

"நீங்க அழுதுக்கிட்டு இருந்தீங்க அண்ணி," என்றாள்.

நான் அழவில்லை. ஆவி கண்ணில் பட்டிருக்கும். அப்படித்தான் சொன்னேன். அவள் சரி என்றாள்.

ஜூலை 6, செவ்வாய்

அரசாங்கக் கிளினிக்கில் செவ்வாய்தோறும் புகைப்பதை நிறுத்த வருகிறவர்களைப் பார்க்கிறார்கள். ஊன்றுகோலோடு வீரப்பெருமாளும் வந்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. உள்ளே பதினோரு ஆண்கள். மீன்சந்தையில் ஐஸ் உடைக்கிறவர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், இன்னும் யார் யாரோ. யாருக்கும் பல் நன்றாக இல்லை. இவர்களோடு ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளவே கால் மணி நேரம் ஆனது.

முகப்பில் ஒரு மலாய்ப் பெண். தம்பியின் காலையும் ஊன்றுகோலையும் பார்த்துப் பரிதாபப்பட்டு, அவன் அடையாள அட்டையைக் கேட்டாள். எனக்காக அவன் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பின்னால் வரிசை நின்றது.

அவரில்லை, நான் என்றேன்.

காதில் விழவில்லை போலிருக்கிறது. மறுபடி கேட்டாள். இந்த முறை பதினோரு பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐஸ் உடைக்கிறவர் மட்டும் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். எத்தனை காலமாக: மூன்றரை மாதம். ஒரு நாளைக்கு எத்தனை இழுப்பு: அதற்கு என்னிடம் துல்லியமான எண் இருக்கிறது, இருநூற்றுப் பத்து. வீட்டில் வேறு யாரும் புகைக்கிறார்களா: இல்லை.

கடைசிக் கேள்வி, ஏன் புகைக்கிறீர்கள். இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தம்பி வெளியே மழைக்கு ஒதுங்கி யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பிடித்திருந்தது என்று எழுதிவிட்டு எழுந்து போனேன்.